உடைக்காதீர்கள், கழற்றுங்கள்

ஐதராபாத் நகரின் மேற்கே இருக்கிறது கச்சிபௌலி. பௌலி என்றால் உருது மொழியில் படிக்கிணறு. ஒரு காலத்தில் கச்சிபௌலி ஒரு சிற்றூர். சுற்றிலும் பெரிய பெரிய பாறைகள். இன்று அந்தப் பாறைகளை விட உயரமாகக் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

1998ஆம் ஆண்டில் பக்கத்து மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் என்ற கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பிறகு கணினி நிறுவனங்கள் வரிசையாக வந்தன. தமிழ்நாட்டில் இருந்தும் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள்.

கணினி என்றால் கம்ப்யூட்டர். கணினி வேலை பெருகியது. கணினிகளும் பெருகின. மாடு கிழமாவது போல, வண்டி தேய்வது போல, கணினியும் பழசாகும். பழசான கணினி எங்கே போகிறது?

தள்ளுவண்டியில் ஒரு பெட்டி

பெரிய நிறுவனங்கள் பழைய கணினிகளைப் பதிவு பெற்ற நிறுவனங்களிடம்தான் கொடுக்க வேண்டும். அது சட்டம். ஆனால் வீட்டுக் கணினி அப்படிப் போவதில்லை. சின்னக் கடையின் கணினியும் அப்படிப் போவதில்லை. அது தள்ளுவண்டியில் ஏறுகிறது. காயலான் கடைக்குப் போகிறது. அங்கே தராசில் ஏறுகிறது. இரும்பு விலைக்கு ஒரு கணக்கு. பிளாஸ்டிக் விலைக்கு ஒரு கணக்கு. அத்துடன் முடிந்தது.

அடுத்து என்ன நடக்கும்? சுத்தியலால் உடைப்பார்கள். கம்பிகளைக் குவித்துத் தீ வைப்பார்கள். செம்பு கிடைக்கும். கருப்புப் புகையும் கிடைக்கும்.

இதில் இரண்டு நட்டம் இருக்கிறது. ஒன்று, கைக்கு வர வேண்டிய பணம் போகிறது. இரண்டு, உடைப்பவரின் உடல்நலம் போகிறது. இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு. உடைக்காமல் கழற்றுவதுதான் அந்த வழி.

ஒரு பாகம் போனால் எல்லாம் போகுமா?

சைக்கிள் டியூப் வெடித்தால் சைக்கிளையே தூக்கி எறிவது உண்டா? இல்லை. டியூபை மாற்றுவார்கள். கணினியும் அப்படித்தான். அது ஒரே பொருள் அல்ல. பல பாகங்கள் சேர்ந்த ஒரு பெட்டி.

கணினி ஓடவில்லை என்றால், பெரும்பாலும் ஏதோ ஒரு பாகம்தான் கெட்டிருக்கும். மற்றவை உயிரோடு இருக்கும். எது கெட்டது, எது நல்லது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். நல்ல பாகம் வேறொரு கணினிக்கு உயிர் கொடுக்கும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

மேசை மேல் வைக்கும் கணினியின் பெட்டியைத் திறந்தால் இவை தெரியும்.

எஸ்.எம்.பி.எஸ்.: இது மின்சாரம் கொடுக்கும் பெட்டி. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கணினிப் பாகங்களுக்கு அவ்வளவு தேவை இல்லை. இந்தப் பெட்டி அதை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று குறைத்துக் கொடுக்கும்.

மதர்போர்டு: இது பெரிய பலகை. எல்லாப் பாகமும் இதில்தான் வந்து சேரும்.

பிராசசர்: இதுதான் கணக்குப் போடும் மூளை. மதர்போர்டின் நடுப்பகுதியில், ஒரு சிறு மின்விசிறிக்கு அடியில் இருக்கும்.

ராம்: இது ஒரு சின்னப் பட்டை. வேலை நடக்கும்போது மட்டும் தகவலை வைத்திருக்கும். மின்சாரம் போனால் மறந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்: இது தகவல் சேமிக்கும் பெட்டகம். மின்சாரம் போனாலும் மறக்காது.

இவை தவிர வெளியே மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இருக்கும். மானிட்டர் என்பது படம் காட்டும் திரை.

தொடும் முன்பு

முதலில் மின் இணைப்பைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயரையே எடுத்துவிட வேண்டும். பிறகு கணினியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே மீதி இருக்கும் மின்சாரம் குறையும்.

அடுத்து, பெட்டியின் இரும்பை ஒரு முறை கையால் தொட வேண்டும். ஏன்? நைலான் துணி கட்டியிருந்தால் உடம்பில் சிறு மின்சாரம் சேரும். சட்டையைக் கழற்றும்போது சடசட என்று கேட்குமே, அதுதான். அது மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் ராம் பட்டையைக் கெடுத்துவிடலாம். இரும்பைத் தொட்டால் அந்த மின்சாரம் இறங்கிவிடும்.

தேவையான கருவிகள் அதிகம் இல்லை. ஒரு நட்சத்திரத் திருப்புளி, ஒரு தூரிகை, திருகாணிகளைப் போட ஒரு கிண்ணம். எந்த வயர் எங்கே இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. அதன் தலையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

ராம் பட்டையின் இரு முனையிலும் இரண்டு கொக்கிகள் இருக்கும். சில பலகைகளில் ஒரு முனையில் மட்டும் இருக்கும். கொக்கியை வெளிப்பக்கமாகத் தள்ளினால் பட்டை தானாக மேலே வரும். சில கணினிகள் 'பீப், பீப்' என்று கத்தும். திரையில் ஒன்றும் தெரியாது. பலர் 'கணினி செத்துவிட்டது' என்று நினைப்பார்கள். பல நேரம் ராம் பட்டையின் மஞ்சள் முனையில் அழுக்குப் படிந்திருக்கும். அவ்வளவுதான். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டி, மறுபடி பொருத்தினால் சில கணினிகள் உடனே எழுந்துவிடும்.

ராம் பட்டையில் பல தலைமுறை உண்டு. டிடிஆர் 2, டிடிஆர் 3, டிடிஆர் 4 என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒரு தலைமுறைப் பட்டை இன்னொரு தலைமுறைப் பலகையில் ஏறாது. ஏறவில்லை என்றால் அழுத்தக் கூடாது. உடைந்துவிடும்.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். கணினியை அணைத்த பிறகும் தேதி, நேரத்தை நினைவில் வைப்பது இதுதான். கணினி தினமும் பழைய தேதியைக் காட்டினால் இந்தப் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். இதன் விலை குறைவு. மாற்றினால் சரியாகிவிடும். கழற்றிய பேட்டரியைக் குழந்தைகள் கையில் படும்படி வைக்கவே கூடாது. விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிரையே வாங்கும்.

சில கணினிகள் ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று அணையும். பிராசசர் மேல் உள்ள விசிறியில் தூசி அடைத்திருக்கலாம். சூடு தாங்காமல் கணினி தானே நின்றுவிடும். தூரிகையால் தூசியைத் துடைத்தால் பல கணினிகள் பிழைத்துக்கொள்ளும். இந்த விசிறி 12 வோல்ட்டில் ஓடுவது. கணினி போனாலும் 12 வோல்ட் பேட்டரியில் இதை ஓட்டலாம். வீட்டு மின்சாரத்தில் நேராகக் கொடுத்தால் எரிந்துவிடும்.

மதர்போர்டில் சிறு சிறு உருளைகள் நிற்கும். அவை கெபாசிட்டர்கள். வீட்டு மின்விசிறியில் கண்டென்சர் என்று சொல்வார்களே, அதே இனம். அதன் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல உப்பியிருந்தால் அது கெட்டுவிட்டது. சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்தவர் அந்த ஒன்றை மட்டும் மாற்றிவிடுவார். முழுப் பலகையும் பிழைக்கும்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை அப்படியே முழுதாகக் கழற்றலாம். ஆனால் அதைத் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயர்ந்த மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் அடிக்கும். அது நல்லதா, கெட்டதா என்று பழுது பார்ப்பவர் வெளியில் இருந்தே சோதித்துச் சொல்லிவிடுவார்.

தட்டையான மானிட்டர் நன்றாக இருந்தால் வேறு கணினிக்கு உதவும். எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் செட்டாப் பெட்டியோடு சேர்த்துத் தொலைக்காட்சி போலவும் பார்க்கலாம். ஒலிக்கு மட்டும் தனி ஒலிபெருக்கி தேவைப்படலாம்.

பின்பக்கம் பானை போல இருக்கும் பழைய மானிட்டர் வேறு இனம். அதற்குள் கண்ணாடிக் குழாய் இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. குழாய்க்குள் காற்று இல்லை. அதனால் உடைத்தால் சில்லுகள் சிதறும். ஓடும்போது அதற்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் இருக்கும். அணைத்த பிறகும் கொஞ்சம் தங்கும். இதைத் திறக்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது.

ஹார்ட் டிஸ்கில் இருப்பது என்ன?

ஹார்ட் டிஸ்க் நன்றாக இருந்தால் அதை ஒரு வெளிக்கூட்டில் போட்டு, தனியாகத் தகவல் சேமிக்கப் பயன்படுத்தலாம். வெளிக்கூட்டைக் கடைக்காரர்கள் கேசிங் என்பார்கள். அதற்குத் தனி மின் இணைப்பு வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அதில் ஒரு குடும்பத்தின் படங்கள் இருக்கலாம். வங்கிக் கணக்கு எண் இருக்கலாம். ஆதார் நகல் இருக்கலாம். 'அழித்துவிட்டேன்' என்று சிலர் சொல்வார்கள். கணினியில் அழிப்பது என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பது போன்றது. உள்ளே பக்கங்கள் அப்படியே இருக்கும். தெரிந்தவர் எடுத்துவிடலாம். அதனால் விற்பவர் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் துடைக்கச் சொல்லி, பிறகு விற்க வேண்டும். அல்லது அதைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவரும் பிறர் தகவலைப் பார்க்கக் கூடாது. முழுவதும் துடைத்துக் கொடுக்கும் கடைக்கு நல்ல பெயர் வரும். நல்ல பெயர் இருந்தால் வாடிக்கையும் வரும்.

எடைக்கு என்ன விலை? பாகத்துக்கு என்ன விலை?

ஒரு ராம் பட்டையின் எடை சில பத்து கிராம்தான். தராசில் போட்டால் முள் அசையாது. ஆனால் ஓடும் நிலையில் உள்ள 8 ஜிபி ராம் பட்டை, பல கிலோ பழைய இரும்பை விட அதிக விலை போகும். உடைத்துவிட்டால் அந்த விலை இல்லை. வளைத்துவிட்டாலும் இல்லை.

பழைய பாகம் வாங்கவும் விற்கவும் சந்தைகள் உண்டு. செகந்திராபாத்தில் பார்க் லேன் பகுதியில் செனாய் டிரேட் சென்டர் இருக்கிறது. சென்னையில் அண்ணா சாலை அருகே ரிச்சி தெரு இருக்கிறது. தெரு முழுக்க மின்னணுப் பொருள்கள்தான். அங்கே பாகத்தின் பெயர் சொன்னால்தான் விலை. பெயர் தெரியாதவருக்கு எடை விலை. பெயர் படிக்கத் தெரிந்தவருக்குப் பாக விலை. ஒவ்வொரு பாகத்தின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு கேட்டால் ஏமாற வேண்டியது இல்லை.

பழைய பெட்டியில் புது வேலை

இரண்டு பழைய கணினிகளின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரு கணினி செய்ய முடியும். ஆனால் அதை ஓட்ட மென்பொருள் வேண்டும். மென்பொருள் என்பது கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பு.

பல கணினிகளில் விண்டோஸ் 10 என்ற மென்பொருள் இருந்தது. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பல பழைய கணினிகளில் ஏறாது. அதனால் நன்றாக ஓடும் கணினிகளும் குப்பைக்கு வரத் தொடங்கின.

இதற்கு மாற்று உண்டு. லினக்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கணினியிலும் ஓடும் வகைகள் அதில் உண்டு. தமிழிலும் வேலை செய்யலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸ் வகையை உருவாக்கியிருக்கிறது. கச்சிபௌலியிலேயே சுவேச்சா என்ற அமைப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருளை அது தெலுங்கு மக்களிடம் பரப்புகிறது.

இது ஏழைகளுக்கு உதவுமா? உதவும். பெங்களூருவில் சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் தொடங்கினார்கள். பழைய கணினிகள் தானமாக வந்தன. கட்டற்ற மென்பொருளைப் போட்டார்கள். குடிசைப் பிள்ளைகள் அதில் படம் வரையவும் எழுதவும் கற்றார்கள். ஒருவர் வேண்டாம் என்று தள்ளிய பெட்டி இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது.

எரித்தால் என்ன ஆகும்?

எல்லாப் பாகமும் பிழைக்காது. பிழைக்காததை என்ன செய்வது? இங்கேதான் ஆபத்து.

கம்பியின் மேல் உள்ள பிளாஸ்டிக்கை எரித்தால் டயாக்சின் என்ற நஞ்சு வரும். அது புற்றுநோயைத் தரக் கூடியது. பழைய பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கும். சூடாக்கினால் புகையாகவும் தூசியாகவும் ஈயம் பரவும். தூசி சட்டையில் ஒட்டும். சட்டை வீட்டுக்கு வரும். தகப்பன் குழந்தையைத் தூக்குவான். ஈயம் குழந்தைக்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 'இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை' என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மதர்போர்டில் தங்கப் பூச்சும் உண்டு. கோலார் தங்க வயலைப் பலருக்குத் தெரியும். பல தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. அங்கே கடைசி காலத்தில் ஒரு டன் கல்லை இடித்தால் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. ஒரு டன் மதர்போர்டில் அதைப் போலப் பல மடங்கு தங்கம் இருக்கும்.

அந்த ஆசையில் சிலர் பலகையை அமிலத்தில் போடுகிறார்கள். டெல்லியின் சீலாம்பூரிலும், உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் இது பல ஆண்டுகள் நடந்தது. அமிலப் புகை நெஞ்சை அரிக்கும். கை வெந்துபோகும். மீதி அமிலம் சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போகும். தங்கத்தில் ஒரு பகுதியும் வீணாகும். ஒரே ஒரு கணினியில் இருக்கும் தங்கமோ மிக மிகக் குறைவு. மருத்துவச் செலவுக்குக்கூட ஆகாது.

சரியான முறையில் உலோகத்தைப் பிரிக்க ஆலைகள் இருக்கின்றன. ஐதராபாத் சேர்லப்பள்ளியில் சி-மெட் என்ற மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. மதர்போர்டு போன்ற பலகைகளில் இருந்து உலோகங்களை எடுக்கும் முறையை அது உருவாக்கியிருக்கிறது. எனவே உடையாத முழுப் பலகையைப் பதிவு பெற்ற ஆலைக்கு விற்பதே நல்லது. கம்பியை எரிக்க வேண்டாம். மேல் தோலை உரித்தால் போதும். எரியாத செம்பு பளபளப்பாக இருக்கும். அதற்கு விலையும் கூடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 100க்கு 22 பங்குதான்.

இந்தியாவில் இதற்கென்று தனி விதிகள் 2012ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. கணினி தயாரித்து விற்கும் நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு. பழையதைச் சீர்செய்து விற்பவர்களும், மறுசுழற்சி செய்பவர்களும் பதிவு பெற வேண்டும்.

இந்தத் தொழிலாளர்களுக்கும் விதிகளில் இடம் உண்டு. அவர்களைப் பதிவு செய்வது, குழுக்கள் அமைக்க உதவுவது, பயிற்சி கொடுப்பது, அவர்களின் உடல்நலத்தைக் காப்பது ஆகியவை மாநில அரசின் கடமைகள். தனியாகக் கேட்டால் யாருக்கும் காது கேட்காது. பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து கேட்டால் கேட்கும். பதிவு பெற்ற ஆலைகளும் பெரும்பாலும் மொத்தமாகத்தான் வாங்கும். அதற்கும் குழு உதவும்.

கண்ணாடிக் கட்டடத்தில் கணினி முன் உட்கார்ந்து வேலை செய்வதற்கு மட்டும்தான் அறிவு வேண்டும் என்பது இல்லை. வெளியே வந்த பெட்டியைச் சரியாகக் கழற்றுவதற்கும் அறிவு வேண்டும். அந்த அறிவுக்கும் விலை உண்டு. சுத்தியலை எடுப்பவருக்கு இரும்பு விலை கிடைக்கும். திருப்புளியை எடுப்பவருக்குப் பாகத்தின் விலை கிடைக்கும். அவர் நெஞ்சில் புகையும் சேராது.

நினைவில் வைக்க

1. மின் வயரைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் தொட வேண்டும்.
2. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் பழைய பானை மானிட்டரையும் திறக்கக் கூடாது.
3. நல்ல பாகத்தை எடைக்குப் போடக் கூடாது. பெயரைப் படித்து விலை கேட்க வேண்டும்.
4. கம்பியை எரிக்கக் கூடாது. பலகையை அமிலத்தில் போடக் கூடாது.
5. ஹார்ட் டிஸ்கில் உள்ள பிறர் தகவலைப் பார்க்கக் கூடாது.
6. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும். வேலைச் சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்க வேண்டும்.

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் பழைய கணினிகளும் செல்போன்களும் எங்கே போகின்றன?
கம்பி எரிக்கும் இடம் பக்கத்தில் உண்டா? அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்களா?
பழைய பொருள் வாங்குபவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைக்க முடியுமா?